சந்தனம் வைத்த வயர்

"உன் பெட்டியெல்லாம் வேலைக்காகாது போல. கழட்டிக்கிட்டுப் போயிரும்மா!"

விஜயதசமி காலையில் ஜவுளிக்கடை சௌந்தரராஜன் போனில் போட்ட சத்தத்தில், இசைவாணி அவனியாபுரத்திலிருந்து வண்டியை விரட்டினாள். கம்பெனி வேலையை விட்டு, சொந்தமாக நெட்வொர்க் தொழில் தொடங்கி அவள் பிடித்த முதல் கடை அது. இதுவும் கைநழுவினால் பழைய மேனேஜர் முன்னால் போய் நிற்க வேண்டும். அதற்குக் கண்மாயில் மீன் பிடிக்கலாம்.

கடையில் தீபாவளிக் கூட்டம் சேலையும் கையுமாக நின்றது. பில் போடும் கம்ப்யூட்டர் ஒன்றுகூட அசையவில்லை. கம்ப்யூட்டர்களை இணைக்க மாடிக்கு ஒன்றாக அவள் மாட்டிய சுவிட்ச் பெட்டிகளில் எல்லா விளக்கும் ஒரேயடியாகப் படபடத்தன. பார்த்த மாத்திரத்தில் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. கோளாறைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில் உள்ளுக்குள் ஒரே குதியாட்டம்.

"ஆயுத பூஜைக்கு யாருண்ணே இதையெல்லாம் தொடச்சது?"

"நான்தாம்மா. எல்லாத்தையும் அணைச்சு, தொடச்சு, சந்தனம் வச்சேன். மேல்மாடி வயர் ஒண்ணு சும்மா தொங்குச்சு. பூஜையன்னிக்கு அது மட்டும் அநாதையாக் கெடக்கணுமான்னு, காலி ஓட்டையில சொருகிட்டேன்."

அது அவசரத்துக்கென்று அவள் இழுத்துவைத்த உபரி வயர். மேல்மாடிக்கு ஒரு வழி இருந்த இடத்தில் இப்போது இரண்டு வழி. 'பிரிண்டர் எங்கே?' என்று ஒரு கம்ப்யூட்டர் ஊரைக் கேட்டால், கேள்வி ஒரு வழியில் ஏறி மறுவழியில் இறங்கி, பெருகிப் பெருகிச் சுற்றியதில் பில்லுக்கு இடமே இல்லை.

இதைத் தடுக்கத்தான் சுவிட்சுக்குள் 'ஸ்பேனிங் ட்ரீ' என்று ஓர் ஏற்பாடு உண்டு. சுவிட்சுகள் தங்களுக்குள் பேசி ஒன்றைத் தலைமையாக்கி, அதற்குப் போக ஒரே வழியை வைத்துக்கொண்டு மற்றதை அடைத்துவிடும். ஆனால் வழியைச் சரிபார்த்துத் திறக்க அதற்கு அரை நிமிஷம் ஆகும். 'கம்ப்யூட்டர் போட்டா அரை நிமிஷம் முழிக்குது' என்று கவுண்டர்க்காரர்கள் நச்சரித்ததால், அதை அணைத்து வைத்த புண்ணியவதி இவளேதான். தன் தலையில் தானே குட்டிக்கொண்டாள்.

உபரி வயரைப் பிடுங்கினாள், பில் ஓடியது. ஸ்பேனிங் ட்ரீயை உயிர்ப்பித்து, கவுண்டர்கள் மட்டும் காத்திருக்காதபடி அமைத்தாள்.

"அண்ணே, இப்ப அந்த வயரை நீங்களே சொருகுங்க."

"மறுபடியுமா? வெளாடுறியா?"

"சொருகுங்கண்ணே, நான் இருக்கேன்ல!"

சொருகினார். வழியை அடைத்துவிட்டதற்கு அடையாளமாக அந்த இடத்து விளக்கு மட்டும் மஞ்சளாக நின்றது. பில் நிற்கவில்லை.

"இப்ப மேல்மாடிக்குப் போற பழைய வயரை உருவுங்க."

உருவினார். மேல்மாடி கவுண்டர் ஒரு கணம் திணறியது. மஞ்சள் விளக்கு பச்சையானது, மேலிருந்து "பில் வருதுண்ணே!" என்று குரல் வந்தது.

சௌந்தரராஜன் கைதட்டியேவிட்டார். உடனே திருப்பரங்குன்றத்தில் கடை வைத்திருக்கும் தம்பிக்குப் போன் போட்டு, சௌராஷ்டிர மொழியில் பொரிந்து தள்ளினார். இசைவாணிக்கு அந்தப் பாஷை ஒரு சொல்லும் தெரியாது. தன் பெயர் மட்டும் நாலைந்து தடவை காதில் விழுந்தது. போனை வைத்துவிட்டுத் திரும்பினார்.

"இம்புட்டுப் பெட்டியும் தம்பி கடையிலயும் மாட்டிரும்மா. அந்த உபரி வயரையும் சேத்து."