கடலில் ஒரு மேல் லயம்

தர்ஷி, கவின்... டீவியைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு இதை வாசியுங்கள். வாராவாரம் பத்திரிகையின் இந்த மூலையில் அப்பா எழுதுவதை ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் வாசிக்கிறார்கள். நீங்கள் இரண்டு பேரும்தான் வாசிப்பதில்லை!

போன செவ்வாய்க்கிழமை பண்டாரவளை பஸ் நிலையத்தில் தர்ஷியின் வகுப்பு டீச்சரைக் கண்டேன்.

"நீங்கதானே தர்ஷினியோட அப்பா? கப்பலுக்கு ரேடார் பூட்டுற எஞ்சினியராமே... ஒரு நாளைக்கு வந்து பிள்ளைகளுக்குப் பேசுங்களேன்" என்றார்.

எஞ்சினியர்! பதுளையில் ஒரு கடையின் பின்பக்கத்தில் டீவி ரிப்பேர் செய்கிறவன் நான். பள்ளிக்கூடத்து ஓ.எல். பரீட்சையையே இரண்டு தரம் எழுதியவன். டீச்சரிடம் "இல்லைங்க" என்று சொன்னேனா? சொல்லவில்லை. "பஸ் வந்துடுச்சுங்க" என்று ஏறிவிட்டேன். அது என் பஸ்கூட இல்லை.

அதனால் நடந்ததை நடந்தபடி இங்கே எழுதிவிடுகிறேன்.

கடை முதலாளி ஒருநாள் என் மேசைக்கு வந்தார். "செல்வம், திருகோணமலையில ஒரு கட்டமரன் வாங்கீக்கேன். நானும் வீட்டாளும் கொஞ்ச காலம் அதிலதான் குடியிருக்கப் போறோம். எலக்ட்ரோனிக் சாமான் எல்லாம் பழசு. நீ வந்து புதுசு பூட்டிக் குடு."

என் காதில் விழுந்தது கட்டுமரம். நாலு மரத்தைக் கயிற்றால் கட்டி, அதன்மேல் முதலாளியம்மா எப்படிச் சோறு ஆக்குவார்? பாவம், முதலாளிக்கு வயசாகிவிட்டது என்று நினைத்தேன். "சரிங்க முதலாளி" என்றேன்.

போய்ப் பார்த்தால்... வெள்ளை வெளேரென்று ஒரு வீடு மிதக்கிறது! ஒல்லியான இரண்டு படகுகள் பக்கத்தில் பக்கத்தில். இரண்டையும் சேர்த்து மேலே உட்காருகிற ஹோல் ஒன்று. ஒவ்வொரு படகுக்குள்ளும் வரிசையாகச் சின்னச் சின்ன அறைகள். தேயிலைத் தோட்டத்துக்காரனுக்கு என்ன ஞாபகம் வரும்? தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு, லயம்தான். இரண்டு லயம், நடுவில் ஒரு வாசல்!

புது ஸ்கிரீன், ரேடார், ரேடியோ எல்லாம் ஒழுங்காகவே பூட்டினேன். மிச்சம் இருந்தது ஆழம் பார்க்கும் கருவி. படகுக்கு ஒன்றாக, அடியில் இரண்டு. எந்தப் பக்கம் தண்ணீர் எவ்வளவு ஆழம் என்று ஸ்கிரீனில் இரண்டு இலக்கம் காட்டும்.

வயரில் 'இடது', 'வலது' என்று எழுதி ஒட்டியிருக்கலாம்தானே என்பீர்கள். அப்பா அதைவிடக் கெட்டிக்காரன் – முன்னால் பார்த்து நின்றால் ஒரு இடது, பின்னால் திரும்பினால் வேறொரு இடது, எதற்குக் குழப்பம்? தோட்டத்தில் மேட்டில் இருப்பது மேல் லயம், பள்ளத்தில் இருப்பது கீழ் லயம்; அதுபோல, கரைப்பக்கம் இருந்த படகின் வயரில் 'மேல் லயம்', கடல்பக்கம் இருந்ததில் 'கீழ் லயம்' என்று டேப் ஒட்டினேன். சாப்பிட்டுவிட்டு வந்து, அதே கணக்கில் ஸ்கிரீனுக்குப் பின்னால் மாட்டினேன். கரைப்பக்கத்து இலக்கத்துக்கு மேல் லயம். முடிந்தது வேலை!

அடுத்த நாள் வெள்ளோட்டம். முதலாளியும் முதலாளியம்மாவும் உள்ளே பீங்கான் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். படகோட்டி அந்தோனி அண்ணன் சுக்கானைப் பிடித்திருந்தார். அந்த ஊர்க்காரர், மீன்பிடித் தொழில் செய்தவர். நான் பக்கத்தில், ஸ்கிரீனைப் பெருமையாகப் பார்த்தபடி.

"தம்பி, இடப்பக்கம் தண்ணிட நிறத்தைப் பாருங்க. மணல் கிடக்கு" என்றார்.

"இல்லண்ணே, வலப்பக்கந்தான் ஆழம் கம்மின்னு காட்டுது."

"நான் சின்ன வயசில இருந்து பாக்கிற தண்ணி இது..."

"மெஷின் பொய் சொல்லாதுண்ணே!"

கொஞ்சம் தயங்கினார். பிறகு இடப்பக்கம் திருப்பினார்.

தட்! படகு மணலில் ஏறி நின்றது. உள்ளே அத்தனை கோப்பையும் சலீரென்று விழுந்து உடைந்த சத்தம். முதலாளி வெளியே ஓடி வந்தார்.

"அந்தோனி! கண்ணு தெரியல்லயா? வீட்டாள் விழுந்து கையில அடி பட்டீக்கி!"

அந்தோனி அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஸ்கிரீனைப் பார்த்தேன்.

"நான்தான் திருப்பினன் முதலாளி" என்றார்.

"நாளையிலருந்து நான் வேற ஆளைப் பாத்துக்கொள்றேன்" என்றார் முதலாளி.

எஞ்சினைப் பின்னால் ஓடவிட்டு ஒருவழியாகப் படகை இறக்கி, பழைய இடத்தில் நங்கூரம் போட்டார்கள். அந்தோனி அண்ணன் தன் அறைக்குப் போய் உடுப்புகளைப் பையில் வைக்கத் தொடங்கினார். நான் ஸ்கிரீனின் பின்மூடியைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தேன். காலையில் கரை என் இடப்பக்கம் இருந்தது. இப்போது வலப்பக்கம் இருந்தது!

கரையா நகரும்? காற்று மாறியதும் படகுதான் நங்கூரத்தைச் சுற்றித் திரும்பியிருந்தது. முந்தின நாளும் இதுதான் நடந்திருக்கிறது: வயரில் டேப் ஒட்டியது காலையில், மாட்டியது சாப்பாட்டுக்குப் பிறகு. இடையில் மேல் லயம் கீழ் லயமாகிவிட்டது. தெமோதரைத் தோட்டத்தில் எங்கள் லயம் ஒருநாளும் இப்படிச் சுற்றியதில்லை. நான் என்ன செய்ய?

என்ன செய்தேன் தெரியுமா? இரண்டு வயரையும் மாற்றி மாட்டிவிட்டு, மூடியைப் பூட்டிவிட்டு, முதலாளியம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தேன். ஒரு ஆளின் வேலை போகிறது... அப்பா தேத்தண்ணி குடிக்கிறார். தொண்டையில் இறங்கவும் செய்தது, அதைத்தான் இன்னும் என்னால் நம்ப முடியவில்லை.

அந்தோனி அண்ணன் பையோடு வந்தார். "தம்பி, ஊருக்குப் போகேக்க காலைல முதல் பஸ்ஸுக்கே வெளிக்கிடுங்க. பிறகு இருக்க இடம் கிடைக்காது" என்றார்.

திட்டியிருந்தால் தப்பித்திருப்பேன். எழுந்து முதலாளியிடம் போனேன்.

"முதலாளி... வயரு மாறிப் போச்சுங்க. தப்பு என்னோடது. அண்ணன் சரியாத்தான் சொன்னாரு, நாந்தான் கேக்கல."

"எப்பிடி மாறும்?"

மேல் லயம், கீழ் லயம் கதையை முழுவதும் சொல்லவேண்டியதாயிற்று. கையில் ஈரத்துணி சுற்றியிருந்த முதலாளியம்மாதான் முதலில் சிரித்தார்.

"கடலில மேல் லயமா? அப்ப தோட்டத்துத் துரைட பங்களா எங்க தம்பி?" என்றார் அந்தோனி அண்ணன்.

முதலாளி சிரிக்கவில்லை. "அந்தோனி, நான் பேசினது பிழை. நீங்க போக வேணாம்" என்றார். என் பக்கம் திரும்பி, "உன்னோட பொறகு பேசுறேன்" என்றார்.

தெரியாதவன் கேட்டுக்கொண்டு செய்வான், தெரிந்தவன் பார்த்துச் செய்வான். என்னைப் போல அரைகுறையாகத் தெரிந்தவன் இருக்கிறானே... அவன்தான் புதுப் பெயர் வைப்பான். தர்ஷி, இந்தப் பக்கத்தை வெட்டி டீச்சரிடம் கொடு.

பிறகு அவர்கள் மூன்று பேரும் சின்னப் படகில் ஏறி, கோப்பை வாங்கக் கரைக்குப் போனார்கள். என்னைக் கூப்பிடவில்லை. அந்தோனி அண்ணனின் பை மேல்தளத்திலேயே கிடந்தது. அதைத் தூக்கிக்கொண்டு போய் அவர் அறையில் வைத்தேன். அவருடைய சட்டையை எடுத்து, உதறி, ஆணியில் மாட்டினேன். காற்றில் விழுந்துவிடாதபடி மேல் பட்டனையும் போட்டுவிட்டேன்.