கொசுவைத் தேடிப் போன சம்மன்காரர்

"மூச்சு விடுற ஆளா இருந்தா போதும். எந்தப் பொந்துல இருந்தாலும் மூணே நாள்ல அவன் வாசல்ல நிப்பேன். என்கிட்ட இருந்து தப்பிச்ச ஆள் இன்னும் பிறக்கல. பிறந்திருந்தா பிறப்புச் சான்றிதழ்ல விலாசம் இருக்கும், அதை வெச்சே பிடிச்சிடுவேன்."

நீதிமன்றக் கேன்டீனில் இருபத்திரண்டு ஆண்டுகளாக, வாரம் இரண்டு முறையாவது வெளியிடப்பட்டுவந்த இந்தப் பிரகடனத்துக்குச் சொந்தக்காரர் சம்மன்காரர். அவருடைய பதவிக்கு அரசாங்கம் வைத்த நீளமான பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலைத் தாண்டி அது எங்கும் புழங்கியதில்லை. கோர்ட்டிலிருந்து புறப்படும் தாளை உரிய ஆளின் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கி, மாலைக்குள் ஆபீஸில் ஒப்படைப்பது வேலை. கேட்க எளிது. ஆனால் அந்த உரிய ஆள் இருக்கிறானே, தாள் வருகிறது என்று மோப்பம் பிடித்த நிமிடமே கட்டிலுக்கு அடியில் குடியேறிவிடுவான்.

ஆகவே சம்மன்காரர் கதவு தட்டுவதை ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருந்தார். கேஸ் சிலிண்டர்காரர் தட்டு ஒன்று. சாப்பாட்டு நேரம் பார்த்து, சற்றுத் தயங்கித் தட்டும் உறவுக்காரர் தட்டு ஒன்று. 'உங்க வீட்டுத் தண்ணி எங்க வீட்ல ஒழுகுது' தட்டு ஒன்று. அதற்குத் திறக்காத கதவை அவர் கண்டதில்லை. போன் செய்துவிட்டுப் போவதை ஒழுக்கக்கேடு என்றே கருதினார்.

ஓய்வு பெற எட்டு மாதம் இருந்தபோது அவரைப் பள்ளித் தோழர்களின் வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார்கள். குழுவைத் தொடங்கியவர் மானிட்டர். வகுப்பில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதியவர் அவர். இப்போது குளியலறை ஓடு விற்கும் கடை வைத்திருக்கிறார். தொழில் மாறினாலும் பழக்கம் மாறவில்லை. காலை வணக்கம் போடாதவர்களின் பெயரை நாள்தோறும் குழுவில் வெளியிட்டார்.

சேர்ந்த அன்று யாரோ பழைய வகுப்புப் படத்தைப் போட்டார்கள். கடைசி வரிசையில், அரை முகம் மறைந்து நின்ற ஒரு பையனை வட்டமிட்டு, "இது யாரு?" என்று ஒரு கேள்வி. அது சம்மன்காரர்தான். அவர் பதில் அடிக்கக் கண்ணாடியைத் தேடுவதற்குள் வேறொருவர் அடித்துவிட்டார்: "கொசுவோட பிரெண்டு."

நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து அவருக்குக் கிடைத்த முழு விலாசம் அது. சம்மன்காரர் அதை மறுக்கவில்லை. கடைசி பெஞ்சில் இரண்டே பேர். ஒருவன் கொசு, மற்றவன் கொசுவின் பிரெண்டு. கொசு குழுவில் இல்லை.

முப்பத்தாறு பேரில் பத்தொன்பது பேர் சேர்ந்திருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹால் பிடித்து எல்லோரும் கூடுவது என்று முடிவாகியது. பாக்கிப் பதினேழு பேரை எங்கே தேடுவது என்று மானிட்டர் கவலைப்பட, சம்மன்காரர் கேன்டீன் பிரகடனத்தை அப்படியே குரல் பதிவாக்கி அனுப்பினார். கைதட்டும் கைகள் வரிசையாக வந்தன.

மனைவிக்கு மட்டும் கைதட்டத் தோன்றவில்லை. "என்னங்க, முப்பது வருஷமா நீங்க கதவைத் தட்டினா உள்ள இருக்கிறவன் லைட்டை அணைக்கிறான். இப்ப மட்டும் வாங்க வாங்கன்னு கூப்பிடப் போறாங்களாக்கும்."

"இது வேற. இது அன்பு சம்பந்தப்பட்டது."

"அந்த அன்பை முதல்ல படிச்சுக் காட்டுங்க."

அவர் எழுதி வைத்திருந்த அழைப்பிதழைப் படித்தார். மேற்படி தேதியில், காலை பத்து மணிக்கு, தாங்கள் நேரில் தவறாமல் ஆஜராக வேண்டியது. தவறும் பட்சத்தில் தாங்கள் இல்லாமலேயே விழா நடத்தி முடிவு செய்யப்படும். அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு. மனைவி கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு சிறிது நேரம் அவரையே பார்த்தார். பிறகு, "ரொம்ப உருக்கமா இருக்கு," என்று சொல்லிவிட்டுத் துணி உலர்த்தப் போய்விட்டார்.

வேட்டை தொடங்கியது. நூறு மீட்டர் ஓட்டத்தில் பள்ளிக்குக் கோப்பை வாங்கித் தந்தவரின் வீட்டில் முதல் தட்டு. உள்ளே அமைதி. அடுத்த நிமிடம், ஐம்பத்தொன்பது வயதும் அதற்கேற்ற தொந்தியுமாக ஓட்டக்காரர் பின்பக்கச் சுவரேறிக் குதித்தார். சம்மன்காரர் அங்கேதான் நின்றிருந்தார்.

"எந்தக் கேஸுடா?" என்றார் ஓட்டக்காரர், முழங்காலைத் தேய்த்துக்கொண்டே.

"கேஸ் இல்லடா. ரீயூனியன்."

"அதுக்கு ஏண்டா கொல்லைப் பக்கம் வந்து நிக்கிற?"

"நீ இந்தப் பக்கம் வருவன்னு தெரியும்ல."

எல்லாப் பாடத்திலும் முதல் மதிப்பெண் வாங்கிய பெண்ணின் வீட்டில் மருமகள் கதவைத் திறந்தாள். "அத்தை ஊர்ல இல்லைங்க."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "இல்லைன்னு நல்லா அழுத்திச் சொல்லும்மா."

ஆள் தாளை வாங்க மறுத்தால் கதவில் ஒட்டிவிட்டு வரலாம் என்பது விதி. சம்மன்காரர் பையிலிருந்து பசையை எடுத்து, அழைப்பிதழை நான்கு மூலையும் படிய ஒட்டினார். முதல் மதிப்பெண்காரி வெளியே வந்து, நின்றவாறே அதைப் படித்து முடித்தார்.

"நான் வரலப்பா. வந்தா, நீ என்ன ஆனேன்னு எல்லாரும் கேப்பாங்க."

"நீ என்ன ஆனே?"

"அதைத்தான் வேணாம்னேன்," என்று தாளை நகத்தால் சுரண்டிப் பார்த்தார். பசை நல்ல பசை.

மூன்று பேர் செத்துப்போயிருந்தார்கள். இறந்தவர் விஷயத்தில் சான்றிதழின் நகல் ஒன்று வாங்கி இணைக்க வேண்டும். வழக்கம் விடாமல் அதையும் கேட்டார். ஒரு வீட்டு அம்மாள் நகலைத் தேடி எடுத்துக் கொடுத்துவிட்டு, "ஸ்கூல் பிரெண்டுங்களா? அவரு ஸ்கூலுக்குப் போனதா சொன்னதே இல்லையே," என்றார். சம்மன்காரர் நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அந்த ஆள் ஸ்கூலில் என்ன செய்தார் என்று சொல்லலாம் என்று யோசித்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

பதினாறு பேர் முடிந்தார்கள். உண்மையைச் சொன்னால் பதினாறு பேரும் சாக்கு. அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஆள். அந்த ஆளைத் தேடிப் போகத் தனியாக ஒரு காரணம் சொல்ல அவருக்கு இருபத்திரண்டு வருடமாக வாய் வரவில்லை. முப்பத்தாறு பேர் பட்டியல் என்றால் அதில் கொசுவும் ஒரு வரி. வரிசைப்படி போய் நிற்கலாம்.

இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நடந்தது இது. கொசுவின் மனைவி பிரிந்து போய், பெண் குழந்தையைத் தன்னோடு வெளிநாட்டுக்குக் கூட்டிப்போக அனுமதி கேட்டுக் குடும்ப நீதிமன்றத்தில் மனு போட்டிருந்தார். கொசு வீட்டுக் கதவு பூட்டியே கிடக்கிறது என்று இரண்டு பேர் சம்மனைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டார்கள். தாளை வாங்காத வரைக்கும் குழந்தை எங்கேயும் போகாது என்று யாரோ கொசுவுக்குச் சொல்லியிருந்தார்கள். தலைமை எழுத்தர், "இவன் யாருக்கும் சிக்க மாட்டான்," என்றார். அந்த வாக்கியம் சம்மன்காரரின் ரோஷத்தில் போய்க் குத்தியது. "இங்க கொடுங்க சார்," என்று வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

அன்றைக்கு எந்தத் தட்டும் தேவைப்படவில்லை. "டேய் கொசு, நான்தாண்டா," என்றார். கதவு திறந்தது. பாதி முகத்தில் சவர நுரையோடு கொசு நின்றான். வாயெல்லாம் பல். "உள்ள வாடா, டீ போடறேன்." சம்மன்காரர் வாசற்படியிலேயே நின்று, இன்னார் மகன் இன்னார்தானே என்று முறைப்படி கேட்டுத் தாளை நீட்டினார். கொசு தாளைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், கையெழுத்துப் போட்டான். நுரை ஒரு சொட்டு தாளில் விழுந்தது. அதைத் துடைத்துவிட்டு, "டீ போடட்டுமா?" என்று மறுபடியும் கேட்டான்.

"டியூட்டில இருக்கேன்," என்றார் சம்மன்காரர்.

வாய்தா நாளில் கொசு கோர்ட்டுக்கு வரவில்லை. குழந்தை விமானம் ஏறியது. கேன்டீனில் சம்மன்காரருக்குத் தலைமை எழுத்தர் செலவில் வடை கிடைத்தது. பிரகடனமும் அன்றுதான் முதன்முதலாக வெளியானது. டீ சமாச்சாரத்தை மட்டும் அவர் யாருக்கும் சொல்லவில்லை. அடுத்த மாதம் கொசு வீட்டைக் காலி செய்துவிட்டுப் போய்விட்டான்.

மன்னிப்பு கேட்கும் உத்தேசம் சம்மன்காரருக்கு இருந்ததா என்றால், அவ்வளவு பெரிய வேலையை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. அவன் ஹாலுக்கு வர வேண்டும், பக்கத்து நாற்காலியில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். அவனும் உட்காராவிட்டால் அந்தப் பக்கத்தில் வேறு யாரும் உட்காரப் போவதில்லை என்பது அவருக்குத் திட்டவட்டமாகத் தெரிந்திருந்தது.

தேடத் தொடங்கிய முதல் நாள், பழைய வீடு டியூஷன் சென்டராகியிருந்தது. இரண்டாம் நாள் கொசுவின் அக்கா கிடைத்தார். "அவனைத் தேடி வந்தவங்கள்ல நல்ல சேதி கொண்டுவந்த ஆள் ஒருத்தரும் இல்ல தம்பி," என்றார். ஆனாலும் இடத்தைச் சொன்னார்.

மூன்றாம் நாள் பகல் பதினொரு மணிக்குச் சம்மன்காரர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், துணி வெளுக்கும் கூடத்தில் நின்றார். சுவரோரம் ஆளுயர இயந்திரங்கள் உருண்டுகொண்டிருந்தன. நீராவியில் அவர் கண்ணாடி மங்கியது. சக்கர வண்டிகளில் படுக்கை விரிப்புகள் மலையாகக் குவிந்திருந்தன. அடையாளம் சொன்னதும் மேற்பார்வைப் பெண் கூடத்தின் கோடியைக் காட்டினாள். "அந்த மடிப்பு அண்ணனா? பேரு தெரியாதுங்க. மடிப்பு அண்ணன்னுதான் கூப்பிடறது."

நீண்ட மேசைக்குப் பின்னால் நரைத்த தலை ஒன்று. விரிப்பை உதறிய கை இடது கை. வகுப்பில் இடது கையால் எழுதியவன் ஒருவன்தான். அவன் முழங்கை இடித்து இடித்தே சம்மன்காரரின் கையெழுத்து கோணலானது. சந்தேகத்துக்கே இடமில்லை.

என்ன சொல்வது என்று வழி முழுக்க ஒத்திகை பார்த்து வந்திருந்தார். வாய்க்குப் பழகியது வேறு. நேரே போய் நின்று, முழுப் பெயரும் தகப்பன் பெயரும் சொல்லி, "நீங்கதானே?" என்றார்.

அந்த ஆள் நிமிர்ந்து அவரை நிதானமாகப் பார்த்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"இல்லைங்க சார்."

"இங்க வேலை செய்யறதா சொன்னாங்க."

"செஞ்சாரு. போயிட்டாரு."

"எங்க?"

"சொல்லிட்டுப் போகல சார். இந்த முனையைக் கொஞ்சம் பிடிங்க, இன்னிக்கு ஆள் வரல."

சம்மன்காரர் பையைக் கீழே வைத்துவிட்டு விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தார். அந்த ஆள் மறுபுறம் பிடித்தார். இழுத்து உதறி, பாதியாக மடித்து, இருவரும் நடந்து எதிரெதிரே வந்தார்கள். மூக்கும் மூக்கும் ஒரு முழம். சவரம் செய்யாத கன்னத்தில் வெள்ளை முள். அந்த ஆள் அவர் கையிலிருந்த முனைகளை வாங்கிக்கொண்டு, "அடுத்தது சார்," என்றார்.

இரண்டாவது விரிப்பில் சம்மன்காரர் சொன்னார்: "கேஸ் எதுவும் இல்ல. பள்ளிக்கூடத்துல கூடப் படிச்சவங்க எல்லாம் சேர்றோம். சாப்பாடு போடறாங்க."

"நல்லது சார்."

மூன்றாவதில், "அவர் பொண்ணு..." என்று ஆரம்பித்தார்.

"இழுத்துப் பிடிங்க சார். சுருக்கம் விழுது."

நான்காவது விரிப்பிலும் எதிரெதிரே வந்தார்கள். "நான் சொன்னா அவரு வருவாரா?" என்றார் சம்மன்காரர், மெல்ல.

"வரமாட்டாரு சார்." குரலில் கோபம் இருந்திருந்தால் சம்மன்காரர் சமாளித்திருப்பார். முப்பது வருடமாக அவர் வாங்காத வசவா? அது இல்லை. மருந்து இருப்பு இல்லை என்று கவுண்டரில் சொல்வார்களே, அந்தக் குரல்.

அவரிடம் வழி இல்லாமல் இல்லை. பழைய பெயரை முதுகுக்குப் பின்னாலிருந்து சட்டென்று கூப்பிட்டால் திரும்பாத தலை கிடையாது. அப்படித் திரும்பிய தலைகளால் நிரம்பியதுதான் அவருடைய முப்பத்தோரு வருடப் பணிப் பதிவேடு. அந்த ஆள் வண்டியைத் தள்ள அவருக்கு முதுகைக் காட்டித் திரும்பினார். பெயர் நாக்கு நுனிவரை வந்தது. இயந்திரம் ஒன்று தண்ணீரை வடித்து முடிக்கும்வரை சம்மன்காரர் அந்த முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு பையிலிருந்து அழைப்பிதழை எடுத்து, அதன் பின்புறத்தில் எழுதினார்: மேற்படி நபர் மேற்படி விலாசத்தில் இல்லை. விசாரித்ததில் இருப்பிடம் தெரியவில்லை.

"ஆள் இல்லைன்னா, அங்க இருக்கிறவங்க ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும்," என்றார். "அது விதி."

"கொடுங்க சார், போடறேன்."

தாளை மேசையில் வைத்து, ஈரக் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, அந்த ஆள் இடது கையால் கையெழுத்துப் போட்டார். சாட்சியின் பெயர், தகப்பன் பெயர், வயது எல்லாம் கேட்டு எழுத வேண்டும். சம்மன்காரர் கேட்கவில்லை. கையெழுத்தைப் பார்க்கவும் இல்லை. நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"வர்றேங்க," என்றார்.

"சரிங்க சார்."

படியேறி வெளியே வந்து, வண்டிகள் நிறுத்தும் இடத்தில் ஒரு தூணோரம் நின்று, குழுவில் அடித்தார்: "கொசு கிடைக்கல."

மானிட்டர் உடனே பதில் போட்டார்: "அப்ப ஒரு சாப்பாடு குறைச்சுச் சொல்லிடறேன்." அதற்குக் கட்டைவிரல் படங்கள் விழுந்தன. ஓட்டக்காரர் கண்ணில் நீர் வரச் சிரிக்கும் முகங்கள் மூன்றைப் போட்டு, "சம்மன்காரருக்கே டிமிக்கியா?" என்று கேட்டிருந்தார்.

சம்மன்காரர் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஆமா" என்று அடித்து அனுப்பினார்.