ஒன்பதுக்கு ஒன்று குறைவு

பெரிய எண்ணைப் பார்த்துப் பயப்படுகிறவர்களுக்கு முன்னால், பயமே இல்லாத மாதிரி நிற்பதுதான் கணக்கு டீச்சர் வேலை. கணக்குப் பீரியட் வந்தாலே கடைசி பெஞ்சில் ஒளிந்த நீங்களெல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள்தான். புதுக்கடை என்கிற ஊரில் ஒரு ஜவுளிக்கடை மாடியில், ஞாயிற்றுக்கிழமைகளில் குரூப் ஃபோர் பரீட்சைக்குக் கணக்கு நடத்துகிறேன். படிக்க வருகிறவர்களில் பாதிப்பேர் என்னைவிட மூத்தவர்கள்.

கலைத்தாலும் மாறாதது

ஒருநாள் போர்டில் 47,38,26,195 என்று எழுதினேன். "இலக்கங்களைக் கூட்டினா நாப்பத்தஞ்சு. அது ஒன்பதால வகுபடும், அதனால இந்தப் பெரிய எண்ணும் வகுபடும். முன்பின்னாக் கலைச்சுப் போட்டாலும் கூட்டுத்தொகை மாறாதுல்லா, அப்பவும் வகுபடும்" என்றேன்.

வாழைக்குலை வியாபாரி செல்லப்பன் அண்ணன் லேசில் நம்புகிற ஆளில்லை. இலக்கங்களை மாற்றி மாற்றிப் போட்டு வகுத்துப் பார்த்தார். சட்டையெல்லாம் வேர்வை. கடைசியில் பேனாவைக் கீழே வைத்தார்.

"எப்படி உருட்டினாலும் சொன்ன சொல்லுல நிக்குது டீச்சரே, எனக்க வீட்டுக்காரிய மாதிரி!"

தொடக்கூடாத எட்டு

கலாக்கா அண்டி ஆபீஸில் முந்திரி உடைக்கிறவர். பத்தாம் வகுப்போடு நின்ற படிப்பு. இந்தப் பரீட்சையை விட்டால் வயசு தாண்டிவிடும். ஆனால் கணக்கில் புலி.

மாதிரித் தேர்வில் ஒரு கணக்கை அழகாகப் போட்டிருந்தார். விடை 1,40,003. அதை விட்டுவிட்டுப் பக்கத்து விடைக்கான வட்டத்தைக் கருப்படித்திருந்தார். கேட்டால், "கூட்டினா எட்டு வருது டீச்சரே, அது ஆகாது" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "கையில இருந்த மார்க்கைக் கொண்டுபோய் கடல்ல போட்டுட்டியளே!" என்று கத்திவிட்டேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"எட்டாந்தேதிதான் டீச்சரே அவரு கல்ஃபுக்கு பிளைட் ஏறினாரு. பெறகு ஒரு போன்கூட இல்ல."

பஸ் புறப்படுகிறது

பரீட்சையன்று காலை நாகர்கோவில் பஸ்ஸில் எல்லாரும் ஏறியாயிற்று. கலாக்கா மட்டும் ஹால் டிக்கெட்டோடு கீழே நின்றார்.

"நான் வரல்ல டீச்சரே. நம்பரைக் கூட்டிப் பாத்தேன். எட்டு."

வாங்கிப் பார்த்தேன். ஒன்பது இலக்கம். கூட்டினால் 44, மறுபடி கூட்டினால் எட்டேதான். "ஒன்பதால வகுத்தா எட்டு மீதி வரும், அதுக்கு அம்புட்டுதான் அர்த்தம். வரிசையா எண்ணினா ஒன்பதுல ஒரு நம்பர் இப்படித்தான் வரும். அவங்க எல்லாருக்குமா சனி?" என்று படபடத்தேன். கண்டக்டர் விசிலடித்தார். அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. எனக்கு ஐயோ என்றிருந்தது. பயந்துபோன மனுஷியிடம் என்ன விதியைச் சொல்ல? கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இதோட ஒண்ணே ஒண்ணு கூடினா மீதியே இல்லாம வகுபட்டிரும்க்கா."

அக்கா என் கையிலிருந்து ஹால் டிக்கெட்டை வாங்கிக்கொண்டார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் படியில் காலை வைத்தார்.

"ஒண்ணுதானே குறைவு? நான் ஒருத்தி போய் உக்காந்தா அது சரியாவும்லா!"

இத்தனை வருஷத்தில் தப்பான கணக்குக்கு நான் முழு மார்க் போட்டது அன்றைக்கு மட்டும்தான்.