பர்னபாஸும் என் இடக் கன்னமும்

பர்னபாஸ் தங்கச் சுரங்கத்தின் மெழுகுவர்த்திக் கிடங்கில் வேலை பார்த்தார். ஷிப்டுக்கு இறங்குகிறவர்களுக்கு வர்த்தி எண்ணிக் கொடுப்பது அவர் பணி. சீமைக்குத் திரும்பிய ஒரு துரையின் சாமான்கள் ஏலத்துக்கு வந்தபோது, எவரும் கேட்காத புகைப்படப் பெட்டியை அவர் எடுத்துக்கொண்டார். கற்றுக்கொடுக்க ஆளில்லை. பன்னிரண்டு கண்ணாடித் தகடுகளைப் பாழாக்கி, பதின்மூன்றாவதில் மனைவி சாராவின் முகத்தைக் கண்டெடுத்தார். நானும் முப்பது வயதுக்குமேல் தெருப் பலகைகளைப் பார்த்தே எழுத்துக் கற்றவன். அதனால் அவரோடு ஒட்டிக்கொண்டேன்.

1904 மார்ச்சில் தங்கக்கல் திருடியதாக என்னைச் சுரங்க வேலையிலிருந்து நீக்கினார்கள். ஓடியவன் கோவிந்தன், அதாவது நான், என்று காவலாளி ஒருவன் எழுதிக் கொடுத்திருந்தான். அதே வாக்குமூலத்தில், ஓடியவனின் முகம் தழும்பில்லாத வழுவழுப்பான முகம் என்றும் இருந்தது. அதன் நகல் என்னிடம் உள்ளது. என் இடக் கன்னத்திலோ, சுரங்க வெடியில் கல் தெறித்துக் கீறிய பள்ளம் காதுவரை ஓடுகிறது. அதைச் சொல்லிச் சென்னையிலிருந்த கம்பெனி ஏஜெண்டுக்கு மனு எழுதினேன். மனுதாரர் நேரில் வரலாகாது. முப்பது நாளுக்குள் ஆதாரம் தபாலில் சேர வேண்டும் என்று பதில் வந்தது.

முகத்தைத் தபாலில் அனுப்பப் பர்னபாஸை விட்டால் வழியில்லை. வெளியே, தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைடு மேட்டுத் தூசி பறந்துகொண்டிருந்ததால், மூடிப்போன ஒரு சுரங்கத்தின் பாழடைந்த பங்களாவுக்குள் பெட்டியை நிறுத்தினார். கையிலிருந்தது ஒரே தகடு. ஓடு சரிந்த கூரை வழியாக வெயில் என் இடப்பக்கம் சாய்வாக விழுந்தது.

சாரா எட்டிப் பார்த்தாள். "இன்னாங்க இது, பாதி மூஞ்சி அமாவாசையா கீது?"

கறுப்புத் துணிக்குள்ளிருந்து பர்னபாஸ் தலையை எடுத்தார். "ஆமா. இத்த அனுப்பினா பார்த்தவொடனே இவன்தான் திருடன்னுடுவாங்க. கோவிந்தா, கோட்டு மாட்டியும் கொள்ளக்காரனாட்டம் கீறடா."

"கொஞ்சம் மரியாதையா தெரியணும்ண்ணே" என்று நானும் சொன்னேன். நானும் அப்படிச் சொன்னதை இப்போது மறைக்க எனக்கு உரிமையில்லை.

அவர் மெல்லிய வேட்டியொன்றைக் கூரை ஓட்டையின் கீழ் இழுத்துக் கட்டினார். இருண்ட பக்கத்தில் வெள்ளைப் போர்வையை விரித்துப் பிடிக்கச் சாராவிடம் சொன்னார். வெயில் பாலாக மாறி அறை முழுவதும் பரவியது.

"மாப்பிள்ளைக்குத் திரை கட்டியாச்சு. பொண்ணு எங்க?" என்றாள் சாரா.

"சிரிக்க வெச்சி தகட்ட கெடுக்காதடி. டேய், நான் ஆறு எண்றவரைக்கும் பொணமாட்டம் இரு."

நான் மூச்சையும் விடவில்லை.

படம் தாளில் ஏறிய அன்று பர்னபாஸ் என் வீட்டுக்கு வந்தார். அதுவரை அவர் எடுத்ததில் அதுவே சிறந்தது. கண்ணிமை மயிர் ஒவ்வொன்றும் தெளிந்திருந்தது. கன்னத்தில் மட்டும் ஒன்றுமில்லை. பள்ளம் தெரிய நிழல் வேண்டும். அந்த நிழலைத்தான் நாங்கள் மூவரும் சேர்ந்து துடைத்திருந்தோம்.

கெடு முடிய ஐந்து நாள் இருந்தது. பெங்களூரிலிருந்து புதுத் தகடு வரப் பத்து நாளாகும்.

"பென்சில்ல ஒரு கோடு இழுத்துடட்டா? உள்ள தழும்புதானே?" என்றார்.

கையால் இழுத்த கோட்டைக் கண்டுகொண்டால், என் உண்மையான தழும்பும் பொய்யாகிவிடும். வேண்டாமென்றேன். வெளிச்சத்தால் நேர்ந்த பிழையை இரண்டு பக்கத்தில் விளக்கி, படத்தை அப்படியே இணைத்தேன். படமில்லாத மனுவைப் பிரிக்கவே மாட்டார்கள் என்று நினைத்தேன்.

ஆங்கிலத்தில் வந்த பதிலைப் பங்காருபேட்டை வக்கீல் குமாஸ்தா ஒருவர் பெயர்த்துத் தந்தார். "மனுதாரர் கூறும் தழும்பு அவரே அனுப்பிய படத்தில் இல்லை. படத்திலுள்ள முகம் காவலாளி சொன்ன அடையாளத்துடன் நன்கு பொருந்துகிறது. கோப்பு முடிக்கப்பட்டது."

பிழை தன்னுடையது என்று பர்னபாஸ் தம் பெயரில் ஒரு கடிதம் எழுதினார். மூன்றாமவர் கடிதங்கள் ஏற்கப்படமாட்டா என்று ஒரு வரி வந்தது. அதன்பின் அவர் பெட்டியைத் திறக்கவில்லை. கோயில் ஜெபம் முடிந்த ஞாயிறுகளில் சாராவோடு என் வீட்டுக்கு வந்து, என் மோவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் மெதுவாகத் திருப்புவார்.

"இதோ, இப்ப தெரியுது பாரு. இங்கதான் ஒக்கார வெச்சிருக்கணும்."

"தெரிஞ்சி இன்னா பண்றது? வுடுங்க, அவருக்குக் கழுத்து வலிக்கும்" என்பாள் சாரா.