நாலு ரக வாழை

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வணிகவியல் நடத்துகிறேன். முதலீட்டில் இடரைக் குறைப்பது எப்படி என்பது வருஷா வருஷம் நான் ஆசையாக நடத்துகிற பாடம். பணத்தைப் பல இடங்களில் பிரித்துப் போடு. ஆனால் ஒன்று விழும்போது மற்றதும் சேர்ந்து விழாத இடங்களாகப் பார்த்துப் போடு. இவ்வளவுதான் பாடம். இதில் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுபோய், கூடப்பிறந்த அண்ணன் குடும்பத்தைக் கவிழ்த்தவள் நான்.

அண்ணனுக்கு ஆழ்வார்திருநகரி பக்கம் ஆற்றுப்பாசனத்தில் வயல். பாதியில் நெல், பாதியில் வாழை. நெல்லில் பெரிதாக ஒன்றும் மிஞ்சாது. வாழை நன்றாக வந்தால் கை நிறையும். அவன் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. நர்சிங் படிக்க வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மதுரையில் ஒரு நர்சிங் கல்லூரியில் கேட்கிற கட்டணத்துக்கு என்ன வழி என்று அண்ணன் என்னைத் தேடி வந்தான்.

என்னிடம் யோசனை கேட்டால் விடுவேனா? அங்கேயே ஒரு கணக்குப் போட்டு, நெல்லை விட்டுவிடு, முழு வயலிலும் வாழை வை என்றேன். அண்ணன் தயங்கினான்.

"மொத்தமும் வாழைன்னா பயமா இருக்குல்லா?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது. ஒரே ரகமாக வைத்தால்தான் பயம், ஏத்தன், சக்கை, கோழிக்கூடு, கதலி என்று நாலாகப் பிரித்து வை, ஒன்றுக்குச் சந்தையில் விலை விழுந்தால் இன்னொன்று தூக்கிவிடும் என்றேன். படித்த தங்கச்சி சொல்கிறாளே என்று அவனும் தலையாட்டினான். விலை ஒன்றுதான் என் கண்ணில் பட்டது, வானம் படவில்லை.

வாழை குலை தள்ளி நின்ற சித்திரையில், ஒரு சாயங்காலம் மழைக்கு முன்னால் காற்று அடித்தது. அரை மணி நேரம்கூட இருக்காது. மறுநாள் நான் போய்ப் பார்த்தபோது நாலு ரகமும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தன. காற்றுக்கு ஏத்தன் எது, கதலி எது என்று தெரியுமா? பக்கத்து வயல்காரர்கள் பிசானப் பருவத்து நெல்லை அறுத்து எப்போதோ வீட்டில் சேர்த்துவிட்டார்கள். அண்ணன் முற்றாத குலைகளை வெட்டி ஓரமாக அடுக்கிக்கொண்டிருந்தான். நான் வரப்பில் நின்றேன்.

அந்த வழியாக வந்த பக்கத்து வயல் பெரியவர் அவனிடம் கேட்டார்.

"யாரு பேச்சக் கேட்டு வே நெல்ல விட்டீரு?"

அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை. "நானாத்தான் விட்டேன் அண்ணாச்சி. தங்கச்சி வேண்டாம்னுதான் சொன்னா."

நான் சொன்னதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வாயைத் திறக்கவில்லை. பெரியவர் என்னை மரியாதையாகப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். அந்த மரியாதையையும் வாங்கிக்கொண்டேன்.

கட்டணத்துக்கு நான் கடன் வாங்கித் தருகிறேன் என்றதற்கு, உன் வீட்டுக் கடனை முதலில் அடை என்று அண்ணன் மறுத்துவிட்டான். நர்சிங் ஆசை அதோடு முடிந்தது. செலவு குறைவு, அத்தையும் இருக்கிறாள் என்று மகளை என் கல்லூரியிலேயே பி.காம். சேர்த்தான்.

இந்த வருஷம் அவள் வகுப்புக்கு அந்தப் பாடம் வந்தது. எத்தனையோ வருஷம் நடத்திய பாடத்தைப் புத்தகத்தைப் பார்த்தே வாசித்தேன். பாதியில் பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டேன்: பார்க்க வேறு வேறாக இருந்து, விழும்போது சேர்ந்தே விழுகிறவற்றுக்கு ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

முன்பெஞ்சில் இருந்த என் அண்ணன் மகள் நிமிர்ந்து என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்து நோட்டில் எதையோ எழுதுவதுபோல் இருந்துகொண்டாள். அந்த வகுப்பில் அவளைவிட நன்றாக அந்தப் பதிலைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

அன்று வரப்பில் செய்ததையேதான் மறுபடியும் செய்தேன். சரி, அடுத்த பக்கத்தை எடுங்கள் என்றேன்.