சயனைடு மேட்டுப் புல்

எங்கள் ஊரில் மலை கிடையாது. தங்கம் எடுத்தபின் மிஞ்சிய மண்ணைக் கொட்டிக் கொட்டி உயர்ந்த மேடுகள்தான் உண்டு. தங்கத்தைப் பிரிக்கச் சயனைடு கலந்த மண் என்பதால் சயனைடு மேடு என்போம். காற்றடித்தால் அந்த வெள்ளைத் தூசி சோற்றுப் பானைவரை வரும். அம்மா நாளெல்லாம் துணியும் கையுமாகத்தான் இருப்பாள்.

தாவரவியலில் எம்.எஸ்ஸி. முடித்த எனக்கு ஜூனியர் ரிசர்ச் ஃபெலோஷிப் கிடைக்கும்போல் இருந்தது. மலைச் சூழலும் தாவரங்களும் என்பது ஆய்வுத் தலைப்பு. உடன் படித்தவர்கள் குடகு, நீலகிரி என்று கிளம்பினார்கள். சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா, "அவ்ளோ தூரம் பொம்பளப் புள்ளய காட்டுக்கு அனுப்ப மாட்டேன்" என்றுவிட்டார். எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. எங்கள் ஊர் மேட்டையே மலையாக எடுத்துக்கொள்கிறேன் என்று பேராசிரியரிடம் வீம்பாகச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அந்த மண்ணில் ஒரு புல்லை உயிரோடு காட்டு, சிபாரிசு செய்கிறேன் என்றார்.

டால்டா டின்களில் மேட்டு மண்ணை நிரப்பி, வீட்டுப் பின்பக்கம் அருகம்புல் நட்டேன். அம்மாவைத் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் பெங்களூர் விடுதிக்குத் திரும்பினேன்.

இரண்டு மாதம் கழித்துப் புல்லைக் காட்டப் பேராசிரியரை அழைத்துக்கொண்டு, பங்காருபேட்டையில் ரயில் மாறி வீட்டுக்கு வந்தால், டின்கள் கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தன. உள்ளே கறுப்பான வயல் மண். புல் அமோகமாக வளர்ந்திருந்தது. நான் அம்மா பக்கம் திரும்பினேன்.

"இன்னாம்மா பண்ணி வெச்ச?"

"புல்லு மஞ்சளா பூடுச்சுடி, பாவமா இருந்திச்சு. பேத்தமங்களாலேந்து வர்ற பால்காரர்கிட்ட சொல்லி நல்ல மண்ணு கொண்ணாந்து மாத்தினேன். நான் அந்தத் தூசிய தொடச்சிகினே கீறேன், நீ டின்னு டின்னா ரொப்பி வெக்கிற."

வந்தவர் முன்னால் கத்த முடியாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். "பழைய மண்ண எங்க கொட்டின?"

குளியலறைத் தண்ணீர் ஓடும் வழியில் கொட்டியிருந்தாள். எதற்கும் பார்த்துவிடலாம் என்று பேராசிரியர் அங்கே போனார். போனவர் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். மண்ணோடு போன வேர்த்துண்டுகள் வெள்ளை மண்ணிலேயே தளிர்விட்டிருந்தன. டின்னில் தேங்கி நின்ற நஞ்சை இங்கே ஓடும் தண்ணீர் கழுவிக்கொண்டு போயிருக்கலாம், இனி நீ ஆராய வேண்டியது இதைத்தான் என்றார் அவர்.

"அப்ப நான் கொட்டினது நல்லதா பூச்சா?" என்றாள் அம்மா. இவ்வளவு நேரம் அவள்மேல் கொதித்துக்கொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அவளைக் கட்டிக்கொண்டேன்.

ஷிப்டு முடிந்து வந்த அப்பாவிடம் விஷயத்தைச் சொன்னோம். தலையில் கட்டியிருந்த துண்டைக்கூட அவிழ்க்காமல் அந்தத் தளிர்களைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"நாங்க பாதாளத்துலேந்து ஏத்தின மண்ணு சார் இது. இதுல ஒண்ணும் மொளைக்காதுன்னுதான் நெனச்சிகினு இருந்தேன்" என்றார் பேராசிரியரிடம். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"மேட்டுமேல எப்ப ஏறப் போற? சொல்லு, தண்ணி நான் தூக்கியாரேன்."