நான் கொடுத்தனுப்பிய தூள்

ஒரு ஜாம் போத்தல். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கறுப்புத் தூள். பொலிஸ் அதிகாரி அதை என் மேசைமேல் வைத்தபோது, இறுக்கி மூடப்படாத வாயிலிருந்து கொஞ்சம் சிந்தியது. அவருக்குப் பின்னால், இரண்டு பெண் பொலிசாருக்கு நடுவில், என் ஆய்வுகூட உதவியாளர் நின்றார்.

போர்க்காலம். தமிழர் ஒருவரின் பையில் பற்றரி இருந்தாலே சந்தேகப்படும் நாட்களில், கண்டியில் நாங்கள் பற்றரிக்குள் போடும் மங்கனீசு ஈரொட்சைட்டு என்ற அந்தக் கறுப்புத் தூளை ஆராய்ந்துகொண்டிருந்தோம். உதவியாளர் தெல்தோட்டைத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவர். பட்டம் படிக்க வசதிப்படவில்லை. ஆனாலும் எங்கள் பற்றரி ஏன் சீக்கிரம் சோர்ந்துபோகிறது என்பதை எனக்கு முன்பே பிடித்துவிட்டார். “தூளுக்குள்ள ஈரம் மிச்சம் இருக்கு சார். திரவம் தொடுற இடத்தை அதுதான் கெடுக்குது. நல்லா வறுத்துப் பார்ப்போமா?”

எங்கள் உலை பழுதாகிக் கிடந்தது. அம்பிட்டியவில் அவருக்குத் தெரிந்த பித்தளைப் பட்டறை ஒன்றில் உலை இருந்தது. “ஒரு கடிதம் தாங்க சார், வழியில மறிப்பாங்க” என்று கேட்டார். கடிதமென்றால் துறைத்தலைவரின் கையொப்பம் வேண்டும். அதற்கு இரண்டு நாள் போகும். “அது ஒண்டும் தேவையில்லை, கெதியாப் போயிட்டு வாங்கோ” என்றேன்.

சோதனைச் சாவடியில் பிடித்துவிட்டார்கள்.

“இதை நீங்களா கொடுத்தனுப்பினீர்கள்?” என்று அதிகாரி சிங்களத்தில் கேட்டார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று என் அடையாள அட்டையில் இருந்தது. ஜீப் வாசலில் நின்றது. “பொருள் எங்களுடையதுதான். வெளியே கொண்டுபோகச் சொன்னது நானல்ல” என்று பிழையில்லாத சிங்களத்தில் சொன்னேன்.

“சார்...” என்றார் உதவியாளர். அவரை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

ஐந்து மாதம் உள்ளே வைத்திருந்தார்கள். நான் ஒருமுறைகூடப் போய்ப் பார்க்கவில்லை. அவருடைய தாய் என்னைத் தேடி வந்தபோது பின்படிக்கட்டால் இறங்கிப் போனேன். அதற்கிடையில் உலை திருத்தப்பட்டது. தூளை வறுத்தேன். அவர் சொன்னது சரி. கட்டுரை என் பெயரில் மட்டும் வெளிவந்தது.

விடுதலையானதும் தன் சாமான்களை எடுக்க வந்தார். நன்றாக மெலிந்திருந்தார். மன்னிப்புக் கேட்கச் சொற்களை அடுக்கி வைத்திருந்தேன், அவர் முந்திக்கொண்டார்.

“பயந்துட்டீங்கன்னு தெரியும் சார். எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு.”

கதவுவரை போனவர் திரும்பினார். “வறுத்துப் பார்த்தீங்களா? சரியா வந்துச்சா?”

“சரியா வந்தது.”

அவர் முகம் மலர்ந்தது. கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். கட்டுரையைப் பற்றி அன்றும் நான் வாய் திறக்கவில்லை.

இப்போது ஓய்வுபெற்றுவிட்டேன். போன வருடம் ஒரு விரிவுரை முடிந்தபின், தூளை வறுக்கும் யோசனை முதலில் யாருக்கு வந்தது என்று ஒரு மாணவி எழுந்து கேட்டாள். சபை நிறையப் பேர் இருந்தார்கள். அவருடைய பெயர் நாக்கு நுனிவரை வந்தது.

“எங்களுக்கு” என்றேன்.